கறுப்பு நூல் கட்டிய சட்டிகள்

எனக்கு அறுபத்து நான்கு வயது நடக்கிறது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. கூடுதலாக வந்த இரண்டும் என் நாத்தனாரின் பிள்ளைகள். அவர்களையும் என் பிள்ளைகள் என்றுதான் எல்லா இடத்திலும் சொல்லி வந்திருக்கிறேன். ஆறு பேரில் ஒருவரும் வயிறு காய்ந்து பள்ளிக்கூடம் போனதில்லை. பேராதனையில் ஒரு கண்ணாடி வீட்டில் செடிச் சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றித்தான் அவ்வளவையும் செய்தேன். முப்பத்தொரு வருஷம்.

அந்தக் கண்ணாடி வீட்டுக்குப் புதிதாக நான்கு பெண்கள் வேலைக்கு வந்திருப்பதாக மெனிக்கே போனில் சொன்னாள். மெனிக்கே என்னோடு இருபது வருஷம் வேலை செய்தவள். இப்போது சாவி அவளிடம் இருக்கிறது. அந்த நான்கு பேர் நீங்கள்தான். உங்களுக்கு நாலு வார்த்தை சொல்ல வரும்படி கேட்டாள். பத்துப் பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. அதனால் பேத்தியை உட்கார வைத்து எழுதச் சொல்கிறேன். மண் சலிப்பதையும் தண்ணீர் ஊற்றுவதையும் மெனிக்கே காட்டித் தருவாள். நான் சொல்லப் போவது நான் செய்த ஒரு பிழையை. அதை என்னை விட நன்றாகச் சொல்லக்கூடிய ஆள் வேறு யாரும் இல்லை.

முதலில் ஒன்று. அந்த இடத்தை நீங்கள் காலை ஏழு மணிக்கு முன் போய்ப் பார்க்க வேண்டும். மகாவலி ஆற்றிலிருந்து எழுந்த பனி கண்ணாடிக்கு வெளியே நிற்கும். சட்டிகள் விட்ட மூச்சு கண்ணாடிக்கு உள்ளே நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வெளிச்சம் வரும், பாலில் ஒரு சிட்டிகை மஞ்சள் விழுந்த மாதிரி. அந்த வெளிச்சத்தில் எதற்கும் நிழல் கிடையாது. வாளியைக் கீழே வைத்தால் அந்தச் சத்தம் வேறு யாரோ தூரத்தில் வைத்தது போலக் கேட்கும். கூரையிலிருந்து ஒரு துளி விழும். பிறகு வெகு நேரம் ஒன்றும் இல்லை. பிறகு இன்னொரு துளி. நான் அங்கே கண்ணைத் திறந்துகொண்டே எத்தனையோ நாள் தூங்கியிருக்கிறேன். வேலையில் குறை வைத்ததில்லை. கை தன் பாட்டில் ஊற்றிக்கொண்டு போகும்.

இது நடந்து மூன்று வருஷத்துக்கு மேல் இருக்கும். கோதுமை மாக் கப்பல் வந்தும் வராமலும் இருந்த காலம். கடுகண்ணாவையில் என் வீட்டுக்குக் கீழே பேக்கரியில் பாணுக்கு வரிசை நின்றது. உரமும் சரியாகக் கிடைக்கவில்லை. மலைக் குளிரில் கோதுமை வருமா, உரம் குறைந்த மண்ணில் கரி கலந்து கொடுத்தால் இளம்பயிர் தாங்குமா என்று எங்கள் மேடம் பார்க்க நினைத்தார். மேடம் என்று நான் சொல்வது கண்ணாடி வீட்டுக்குப் பொறுப்பாக இருந்த பேராசிரியரை. அந்த வேலையை ஆரணி என்ற பிள்ளையிடம் கொடுத்தார். ஆரணி யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மேல்படிப்புக்கு வந்தவள். நான் "மிஸ்" என்று கூப்பிட்டதற்கு, தன்னை அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பிறகு பாப்பா என்று கூப்பிட்டேன். அவள் என்னை அம்மா என்றாள்.

கரி என்றால் அடுப்புக் கரி இல்லை. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கொப்புகளைப் பீப்பாவில் அடைத்து, காற்றுப் படாமல் சுட்டு, தண்ணீர் தெளித்து ஆற்றி நொறுக்குவது. கையில் அள்ளினால் பாரமே தெரியாது. அள்ளினோமா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டும். காய்ந்த துண்டுகள் ஒன்றோடு ஒன்று பட்டால் கண்ணாடி வளையல் சத்தம் வரும். அதை மண்ணோடு கலக்கும்போது எனக்குச் சின்னதாக ஒரு மயக்கம் வரும். எரிந்து முடிந்த ஒன்றிலிருந்து பச்சையாக ஒன்று வரப் போகிறதே என்று.

கோதுமையை நான் அதுவரை பார்த்ததில்லை. இத்தனை வருஷம் ரொட்டி தட்டியிருக்கிறேன். நான் பிசைந்த மாவை ஒன்றாகக் குவித்தால் பனியில் அதன் உச்சி தெரியாது. ஆனால் அந்த மா எந்தச் செடியின் பிள்ளை என்று தெரியாது. விதை போட்ட அன்று மேசையில் கொஞ்சம் சிந்தியது. துடைத்து எறிய மனம் வரவில்லை. கரி கலக்காத செம்மண்ணை ஒரு பழைய தட்டில் நிரப்பி, சிந்திய விதையைத் தூவி, ஓரத்தில் கண்ணாடி பக்கமாக வைத்துக்கொண்டேன். எனக்கென்று ஒரு கைப்பிடிக் கோதுமை. கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். கேட்கவில்லை.

சட்டிகள் நான்கு வகை. கரியே இல்லாதது, கொஞ்சம் போட்டது, நடுத்தரமாகப் போட்டது, அதிகமாகப் போட்டது. ஆரணி எழுத்து எழுதிய அட்டை குத்தினாள். எழுத்து எனக்கு ஓடாது என்பதால் வீட்டிலிருந்து நூல் கொண்டுவந்து கட்டினேன். இல்லாததற்கு வெள்ளை, கொஞ்சத்துக்கு மஞ்சள், நடுத்தரத்துக்குச் சிவப்பு, அதிகத்துக்குக் கறுப்பு. இரண்டாம் நாள் ஆரணியே அட்டையை விட்டுவிட்டு நூலைப் பார்க்கத் தொடங்கினாள். ஒவ்வொரு சட்டியிலும் பத்து விதை. பத்தாம் நாள் எத்தனை முளைத்து நிற்கிறது என்று எண்ண வேண்டும்.

மூன்றாம் நாள் அவளுடைய அம்மாவுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை என்று செய்தி வந்தது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று சொன்னாள்.

"நான் பத்தாம் நாள் காலமை வந்து எண்ணுவன் அம்மா. அதுவரைக்கும் தண்ணி மட்டும் விடுங்கோ."

மட்டும் என்று சொன்னாள். அந்தச் சொல் என் காதில் விழுந்தது. அதை நான் வாங்கி வைக்கவில்லை.

அடுத்த நாட்கள் எனக்குக் கனவு மாதிரிப் போயின. மண் லேசாக வெடிக்கும். ஊசி போல ஒன்று எழும்பும். நுனியில் ஒரு துளி நீர் உட்கார்ந்திருக்கும். அந்தத் துளிக்குள் முழுக் கண்ணாடி வீடும் தலைகீழாக இருக்கும். வெள்ளை நூல் சட்டிகளில் முளைத்தது. மஞ்சளில் இன்னும் நன்றாக முளைத்தது. சிவப்பில் பச்சை அடர்ந்து கறுத்து நின்றது. என் தட்டில் தூவியதும் பழுதில்லாமல் வந்திருந்தது. கறுப்பு நூல் சட்டிகளில்தான் அங்கொன்று இங்கொன்று. ஏழாம் நாள் பார்த்தேன், எட்டாம் நாள் பார்த்தேன். பாதி இடம் வெறும் மண். சொட்டை விழுந்த தலை மாதிரி.

இங்கே நான் மடுல்கெல்லையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பிறந்த தேயிலைத் தோட்டம் அங்கே. மாரியம்மன் திருவிழாவுக்கு நாங்கள் முளைப்பாரி போடுவோம். வீட்டுக்கு ஒரு பெண் சட்டியில் தானியம் விதைத்து, வெயில் படாத அறையில் வைத்து வளர்த்து, ஒன்பதாம் நாள் தலையில் தூக்கிப் போவாள். சட்டி நிறைந்திருந்தால் வீடு நிறையும் என்பார்கள். யாருடைய சட்டியாவது சொட்டையாக நின்றால், அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, நாங்கள் எங்கள் சட்டியிலிருந்து ஆளுக்கு நாலு முளையை எடுத்து அவள் சட்டியில் ஊன்றி விடுவோம். அவள் திரும்பி வந்து நிறைந்த சட்டியைப் பார்ப்பாள். ஒருத்தியும் வாய் திறக்கக் கூடாது. அவளும் கேட்கக் கூடாது. நிரப்பியவள் சொல்லிவிட்டால் செய்தது வீண். எத்தனையோ சட்டியை நான் நிரப்பியிருக்கிறேன். என் சட்டியையும் யாரோ ஒரு வருஷம் நிரப்பினார்கள். யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒன்பதாம் நாள் காலை பனி விலகாமல் இருந்தது. நாளைக்கு அந்தப் பிள்ளை வந்து இந்தச் சட்டிகளைப் பார்த்து மனம் நொந்து போவாளே என்று நினைத்தேன். அம்மாவின் கண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டு வருகிறாள், இங்கேயும் இப்படி ஒரு வெறுமை வேண்டாம் என்று நினைத்தேன். ஒரு மூங்கில் ஈர்க்கை எடுத்தேன். என் தட்டில் இருந்த முளைகளை ஒவ்வொன்றாக வேரோடும் செம்மண்ணோடும் தூக்கி, கறுப்பு நூல் சட்டிகளில் வெறுமையாக இருந்த இடங்களில் ஊன்றினேன். என் கை அந்த வேலையில் எப்படி என்று மெனிக்கேயைக் கேளுங்கள். ஒன்றுகூடத் தலை சாயவில்லை. எல்லாச் சட்டியிலும் பத்து. நின்று பார்த்தேன். நெஞ்சு நிறைந்தது. மெனிக்கே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பத்தாம் நாள், புதன்கிழமை, ஆரணி வந்தாள். பஸ்ஸில் இருந்து நேராக வந்தாள். எண்ணினாள், மறுபடியும் எண்ணினாள், கொப்பியில் எழுதினாள், வெளியே போய் மேடத்துக்குப் போன் எடுத்தாள். திரும்பி வரும்போது முகம் விளக்கு ஏற்றிய மாதிரி இருந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு தண்ணீர் ஊற்றினேன். சந்தோஷமாக இருந்தது எனக்கு. எதற்காகப் பாப்பா இப்படி எண்ணுகிறாய் என்று சும்மா கேட்டேன். கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

"முளைச்சதை விட முளைக்காததுதான் அம்மா எங்களுக்கு முக்கியம். கரி கூடினா விதை நோகுமோ எண்டுதானே பாக்கிறம். ஒரு இடமும் வெறுமையா இல்லை. அப்ப கூடப் போட்டாலும் பயமில்லை."

கூரையிலிருந்து ஒரு துளி விழுந்தது. அடுத்த துளி விழும்வரை நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் மேலும் சொன்னாள். மடுல்கெல்லையில் பன்னிரண்டு குடும்பங்களுக்கு மேடம் கொஞ்சம் விதைக் கோதுமை தேடிக் கொடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு விதைக்கப் போகிறார்கள். பாத்திக்கு ஒரு கூடை கரி என்றுதான் இதுவரை பேச்சு. அதிகம் போட்டாலும் பயமில்லை என்றால், வெயில் காலத்துக்கு ஈரம் பிடிக்கும், மூன்று கூடை போடச் சொல்லலாம் என்று மேடம் சொல்லிவிட்டாராம்.

மடுல்கெல்லையில் அந்தப் பன்னிரண்டு குடும்பத்தில் ஒன்று என் தங்கச்சி பாக்கியத்தின் குடும்பம்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இதை நீங்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஈர்க்கை எடுத்த காலையில் நான் செய்தது தெரியாமல் செய்தது. புதன்கிழமை எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் அன்று வாய் திறக்கவில்லை. நான் ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. முப்பது வருஷமாக அந்த இடத்தில் யாருக்காவது ஒரு சட்டி கெட்டால், அது என் கையில் கெடவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். புதுப் பிள்ளைகள் வந்தால் மேடம் என்னிடம் அழைத்து வந்து, இவருடைய கையைப் பாருங்கள் என்று சொல்வார். அந்தப் பேரைத்தான் நான் வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்று நினைத்திருந்தேன். ஒருவேளை அந்த விதைகள் கொஞ்சம் பிந்தி முளைத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை தேநீர் நேரத்தில் மெனிக்கேயிடம் சொன்னேன். அவள் யோசித்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னாள்: எந்த முளை எந்த மண்ணில் பிறந்தது என்று யார் பார்க்கப் போகிறார்கள். இப்போது சொன்னால் முப்பத்தொரு வருஷத்தையும் விட்டுவிட்டு இந்த ஒன்றைத்தான் ஞாபகம் வைப்பார்கள். விட்டுவிடு என்றாள். என் மேல் உள்ள அன்பில் சொன்னாள். எனக்கும் அது இதமாக இருந்தது, குளிரில் யாரோ போர்த்திவிட்ட மாதிரி.

அன்று பின்னேரம் பாக்கியம் போன் எடுத்தாள். கோயில் மேட்டில்தான் அவர்களுக்கு சிக்னல் வரும். காற்றுச் சத்தத்துக்குள் அவள் குரல் வந்தும் போயும் கேட்டது.

"அக்கா, மூணு கூடைன்னு சொல்லிட்டாங்க. நொறுக்கி வச்சாச்சு. வெத ஆளுக்கு ஒரு பைதான், சிந்தாம போடணும், வேற கிடையாதாம். எல்லாருக்கும் சொல்லிட்டேன், எங்க அக்கா தண்ணி ஊத்துன செடிய பாத்துத்தான் சொல்லுறாங்க, பயப்படாதீங்கன்னு."

நான் சரி என்று சொன்னேன். ஆமாம், சரி என்றுதான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கடுகண்ணாவையில் இருந்து இறங்கும்போது பள்ளத்தில் பனி கிடந்தது. அதற்கு மேலே மலைகளின் தலை மட்டும் தீவு மாதிரி நின்றது. கண் சொக்கியது. அந்தப் பனி முழுவதும் கோதுமையாகத் தெரிந்தது. அலை அலையாக, வெள்ளையும் பச்சையுமாக, ரயில் அதன் மேல் மிதந்து போனது. நடுவில் பாக்கியம் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். என்னடி தேடுற என்று கேட்டேன். அவள் நிமிரவில்லை. பேராதனைச் சந்தியில் ரயில் நின்ற குலுக்கலில் கண் திறந்தது. மணி ஏழு ஆகவில்லை.

ஆரணி முன்னமே வந்து கறுப்பு நூல் சட்டிகளின் உயரத்தை அளந்துகொண்டிருந்தாள். வாளியைக் கூட எடுக்காமல் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"பாப்பா, கறுப்பு நூல் சட்டியில நான் கை வச்சிட்டேன். பாதிக்குப் பாதி மொளைக்கல. என் தட்டுல இருந்ததப் புடுங்கி நட்டு நெரப்பிட்டேன்."

அவள் அளவுகோலைக் கீழே வைத்தாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எதெது எண்டு தெரியுமோ அம்மா?"

தெரியும் என்றேன். அவள் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. முதல் சட்டியில் ஒரு முளையைத் தொட்டாள். இது நான் வைத்தது என்றேன். பிடுங்கினாள். வேரைச் சுற்றிச் செம்மண் உருண்டை, ஒரு பொட்டுக் கரி இல்லை. அடுத்ததைத் தொட்டாள். இது தானாக வந்தது என்றேன். பிடுங்கினாள். வேர் முழுவதும் கறுப்புத் துகள். அப்படியே ஒவ்வொன்றாகத் தொட்டாள், நான் சொன்னேன், அவள் பிடுங்கினாள். ஒன்றுகூட நான் தவறவில்லை. அவ்வளவு வெட்கத்துக்கு நடுவிலும் எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது, ஒளிக்க விரும்பவில்லை. முடிந்தபோது மேசையில் இரண்டு குவியல் கிடந்தது. செம்மண் குவியல்தான் பெரிது.

"இனி இதை எழுதேலாது. கை வைச்சது வைச்சதுதான். திரும்ப விதைக்க வேணும்" என்றாள். பிறகு திடீரென்று சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஏழரை.

மேடத்துக்கு எடுத்தாள். போன் அணைத்து வைத்திருந்தது. மேடம் அன்று கொழும்பில் ஒரு கூட்டத்தில் இருந்தார். மறுபடி எடுத்தாள். மேடம் சொன்னதை மேடத்தைக் கேட்காமல் எப்படி மாற்றுவது, தன்னைப் படிப்பிலிருந்தே நிறுத்திவிடுவார்களோ என்று பயந்தாள். பத்து நிமிஷம் அப்படியே போனது. அவள் பக்கம் பிழை இல்லை. அவள் வயதில் யாரும் அப்படித்தான் நிற்பார்கள். எனக்கு அப்போது ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மேடத்தின் கையில் விதை இல்லை. ஆரணியின் கையிலும் இல்லை. விதை மடுல்கெல்லையில் பன்னிரண்டு பெண்களின் மடியில் இருக்கிறது. பிழை செய்தவள் முதலில் பேச வேண்டியது விதை யார் மடியில் இருக்கிறதோ அவர்களிடம். மேலிடத்துக்கு அதற்குப் பிறகு சொல்லலாம், ஏச்சு வாங்கலாம். இதை நான் யாரிடமும் படிக்கவில்லை. அந்தப் பத்து நிமிஷத்தில் படித்தேன்.

பாக்கியத்துக்கு எடுத்தேன். இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. மூன்றாம் முறை எடுத்தாள். எல்லோரும் கோயில் மேட்டில் கூடியிருந்தார்கள். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். நான் சொல்வதை ஒருத்தி கேட்டு இன்னொருத்திக்குச் சொல்லி, அது வேறு மாதிரி ஆகக் கூடாது என்று நினைத்தேன்.

மூன்று கூடை போடாதீர்கள், ஒரு கூடைக்கு மேல் வேண்டாம் என்றேன். ஏன் என்று பாக்கியம் கேட்டாள். மேடம் சொன்னதாகச் சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி வாய் வரை வந்தது.

"மூணு கூடை அளவுக்குப் போட்ட சட்டியில பாதி மொளைக்கல. நான்தான் ஒருத்தருக்கும் சொல்லாம நெரப்பி வச்சேன். அத நம்பித்தான் அவங்க சொன்னாங்க."

அந்தப் பக்கம் காற்று மட்டும் கேட்டது. மலைக்காற்று, போனுக்குள் துணி படபடப்பது மாதிரி. பிறகு காளியம்மாவின் குரல் வந்தது. என்னோடு ஒன்றாகக் கொழுந்து எடுத்தவள், நாக்கு எப்போதும் கூர்.

"ஏன்டி, அவ்ளோ பெரிய எடத்துக்குப் போயும் அம்மன் சட்டிய நெரப்புற புத்தி போகலயா ஒனக்கு?"

ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அத்தனை பெண்கள் மலை மேல் நின்று சிரிப்பது கண்ணாடி வீட்டுக்குள் நிறைந்தது. ஆரணி என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னுடைய ஊர், என்னோடு முளை நட்ட பெண்கள், அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவர்களில் ஒருத்தி என் இடத்தில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். அது தெரிந்துதான் சிரித்தார்கள். ஆனாலும் காது சுட்டது.

பாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கிய பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நான் விடியவே போட்டுட்டேன் அக்கா. மூணு கூடை. நீங்க சரின்னு சொன்னீங்கல்ல."

மற்றப் பதினொரு குடும்பமும் கரியை அள்ளி எடுத்துவிட்டு ஒரு கூடையோடு விதைத்தார்கள். பாக்கியத்தின் விதை மண்ணுக்குள் போய்விட்டது. அவளுக்கு வேறு பை இல்லை.

மேடம் திங்கட்கிழமை வந்தார். எல்லாவற்றையும் நின்றுகொண்டே கேட்டார். கதிரையை இழுத்து என்னை உட்காரச் சொன்னார், தானும் உட்கார்ந்தார். கூடைக் கணக்கை மாற்றி மலைக்குச் சொன்னது சரி என்றார். பிறகு, இரண்டாம் முறை விதைத்து எண்ணி முடிக்கும்வரை சாவி மெனிக்கேயிடம் இருக்கட்டும் என்று சொன்னார். குரல் உயரவில்லை. நான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தேன். அதற்குப் பிறகு பல நாள் நடக்கும்போது இடுப்பில் அந்தப் பாரம் இல்லாதது தெரியும். கரி அள்ளிய கை மாதிரி, இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். ஆரணி திரும்ப விதைத்தாள். படிப்பு அவளுக்கு அரை வருஷம் பிந்தியது. அதற்காக அவள் என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை. அந்தச் சொல்லை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

மடுல்கெல்லைப் பாத்திகளையும் எண்ண வேண்டும் என்று அவள் போனபோது என்னையும் கூட்டிப் போனாள். வர முடியாது என்றேன். வழி காட்ட ஆள் வேண்டும் என்றாள். பஸ் வளைந்து வளைந்து ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் பனி கொஞ்சம் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

பதினொரு குடும்பத்தின் பாத்தியிலும் கோதுமை விரல் நீளத்துக்கு நின்றது. மலையில் நான் பார்த்த எந்தப் பச்சையும் அது இல்லை. தேயிலையின் பச்சை எதையோ யோசிக்கிற பச்சை. இது ஒன்றும் தெரியாத பச்சை. பாக்கியத்தின் பாத்தி கடைசியில் இருந்தது. கறுத்த மண், அங்கொன்று இங்கொன்று முளை, நடுவில் நீள நீளமாக ஒன்றும் இல்லாத இடம். காளியம்மாவும் மற்றவர்களும் தங்கள் பாத்தியில் நெருக்கமாக நின்ற முளைகளில் ஆளுக்குக் கொஞ்சம் கிளறி எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி வரப்பில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆரணி மட்டும் அந்தச் சாக்கைப் பார்த்து, எண்ணி முடியும்வரை பொறுக்கச் சொன்னாள். பொறுத்திருப்பதாகப் பாக்கியம் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பாமல் அவளிடமே சொன்னாள்.

"எங்க அக்காவ அந்தப் பக்கம் தள்ளி ஒக்காரச் சொல்லுங்க. அவங்க கை சும்மா இருக்காது."

நான் தண்ணீர் ஓடும் கான் ஓரத்துக் கல்லில் போய் உட்கார்ந்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டேன். ஆரணி பாத்தி ஓரத்தில் மண்டி போட்டு, வரிசை வரிசையாக விரலால் தொட்டுக்கொண்டு போனாள். எழுதுவதற்குப் பாக்கியத்தின் மகள் கொப்பியோடு நின்றாள். பனி இறங்கி வந்து பாத்தியை மூடியது. ஆட்கள் மறைந்தார்கள். குரல் மட்டும் வந்தது. இருக்கு. இல்லை. இல்லை. இருக்கு. இல்லை. அவள் இல்லை என்பதையும் இருக்கு என்பதையும் ஒரே மாதிரிச் சொன்னாள், ஒன்றில் வருத்தமோ இன்னொன்றில் சந்தோஷமோ இல்லாமல். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். என் விரல்கள் பத்தும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பனி விலகியபோது எண்ணி முடித்திருந்தார்கள். பாக்கியம் என் முன்னால் நின்றாள். சாக்கு மூட்டையை அவிழ்த்து, ஒரு ஈர்க்கை ஒடித்து, என் கையில் கொடுத்தாள்.

அவ்வளவுதான் பிள்ளைகளே. கண்ணு, போதும், பேனையை வை. இனி முதலில் இருந்து வாசித்துக் காட்டு. மெதுவாக வாசி. அந்தப் பொம்பிளைகள் சிரித்த இடம் வரும்போது நீயும் சேர்ந்து சிரிக்காதே.